நினைவும் ஒரு மூலதனமே

கூட்டுறவுச் சங்கமொன்றின் மூலதனம் யாது என்று வினவினால், பங்குத்தொகை, காப்பு நிதி, கட்டடம், கையிருப்பு நூல், கிடங்கிலுள்ள தானியம் என்று காரியதரிசி கணக்கெடுத்துக் கூறுவார். தணிக்கையாளர் அவற்றைச் சரிபார்த்துக் கையொப்பமிடுவார். ஆயினும், எந்த ஐந்தொகையிலும் இடம்பெறாத மூலதனம் ஒன்று நம்மிடையே உண்டு. எந்த நூல் எந்தச் சாயத்தை ஏற்கும், கோர்வைச் சேலையில் கரையையும் உடலையும் பிரியாமல் இணைப்பது எவ்வாறு, எந்த வாய்க்கால் எந்த மாதத்தில் வறளும், கடன் கேட்டு வருபவரின் குடும்பத்து நாணயம் எத்தகையது என்பன போன்ற அறிவெல்லாம் மூத்த அங்கத்தினரின் நினைவிலேயே சேமிக்கப்பட்டிருக்கிறது. அச்சேமிப்புக் கரைந்து போகாமல் காப்பதைப் பற்றி நம் சங்கங்கள் இதுவரை சிந்தித்தது மிகக் குறைவு. இனிச் சிந்தித்தே ஆகவேண்டும் என்பது நம் கருத்து.

முதுமையில் நினைவையும், பகுத்தறியும் ஆற்றலையும், நாளடைவில் அன்றாடக் காரியங்களைத் தாமே செய்துகொள்ளும் வல்லமையையும் பறிக்கும் நோயை மறதி நோய் என்கிறோம். மருத்துவர்கள் டிமென்ஷியா என்பர். 1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்ஸைமர், இந்நோயால் துன்புற்று இறந்த ஒரு பெண்மணியின் மூளையை ஆராய்ந்து, தாம் கண்ட மாறுதல்களை மருத்துவர் அவையில் எடுத்துரைத்தார். அவர் பெயரால் வழங்கும் நோயே இன்று மறதி நோய்களுள் பெரும்பான்மையானது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் பழுதுறுவதால் வருவது மற்றொரு வகை. முதியோர் பலரிடம் இவ்விரண்டும் கலந்தே காணப்படுகின்றன.

இது மேல்நாட்டார் நோய், நமக்கில்லை என்று எண்ணுவார் உளர். அவ்வெண்ணம் தவறு. 2023ஆம் ஆண்டில் வெளியான அகில இந்திய ஆய்வின்படி, நம் நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. ஆடவரினும் பெண்டிரிடத்தும், நகரத்தாரினும் கிராமத்தாரிடத்தும் இது மிகுதி என்பதை அவ்வாய்வு காட்டுகிறது. அறுபதைக் கடந்த அங்கத்தினர் நூறு பேரைக் கொண்ட ஒரு சங்கத்தில் ஏழு பேர் என்பது சிறு தொகையா? அந்த ஏழு பேருக்குப் பின்னால் ஏழு குடும்பங்கள் நிற்கின்றன. பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோ தன் தார் சுற்றும் வேலையையும் களையெடுக்கும் கூலியையும் விட்டுவிட்டு, இரவு பகலாக ஒருவரைக் காத்து நிற்கிறாள். அவள் இழக்கும் கூலி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

"வயதானால் அப்படித்தான்" என்னும் சொல்லே இந்நோய்க்குப் பெருந்துணையாக நிற்கிறது. வயது ஏற ஏற நினைவு சற்று மந்தமாவது இயல்பு. அது வேறு, நோய் வேறு. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும், பழகியவர் பெயர் சட்டென நாவில் வராமல் பிறகு வருவதும் நோயல்ல. நாற்பது ஆண்டு தறியில் அமர்ந்தவர் விழுதில் இழை எடுக்கும் வரிசை புரியாமல் திகைப்பதும், நாள்தோறும் சென்றுவந்த வயலிலிருந்து வீடு திரும்ப வழி தெரியாமல் நிற்பதும், வாங்கிய பணத்தை வாங்கவே இல்லை என்று மனமார நம்பி வாதிடுவதும் மருத்துவரிடம் காட்டவேண்டிய குறிகள். இவற்றுட் சில, தைராய்டுக் குறைவாலோ, பி12 என்னும் வைட்டமின் குறைவாலோ, மனச்சோர்வாலோ, உட்கொள்ளும் மாத்திரைகளாலோ வந்தவையாயின் சிகிச்சையால் சீர்ப்படவும் கூடும். ஓரிரு நாளில் திடீரென வரும் குழப்பமோ, வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவையோ மறதி நோய் என்று வாளாவிருத்தற்குரியவை அல்ல. பின்னவை பக்கவாதத்தின் அறிகுறிகள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தவேண்டியிருப்பதால், 108 வண்டியை அப்போதே அழைத்தல் வேண்டும்.

இனி, தடுக்க வழியுண்டா என்ற வினாவுக்கு வருவோம். 'லான்செட்' என்னும் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2017, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் உலக ஆய்வுகளைத் திரட்டி அறிக்கைகள் வெளியிட்டது. 2024 அறிக்கை, மாற்றக்கூடிய காரணங்கள் 14 என எண்ணுகிறது. கல்விக் குறைவு, செவிக் குறைவு, கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, தலைக்காயம், உடலுழைப்பின்மை, நீரிழிவு, புகைபிடித்தல், இரத்தக் கொதிப்பு, உடற்பருமன், மிகுகுடி, தனிமை, மாசுற்ற காற்று, பார்வைக் குறைவு ஆகியன அவை. இவை யாவும் நீங்குமாயின், உலகில் மறதி நோயுற்றோர் தொகையில் நூற்றுக்கு 45 வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் மதிப்பீடு. இது உலகத்தார் அனைவரையும் சேர்த்துக் கணித்த எண். தனி ஒருவருக்குக் கொடுத்த உத்தரவாதமன்று. ஒழுங்காக வாழ்ந்தவருக்கும் நோய் வரலாம். ஆகவே நோயுற்றவரைப் பழித்தல் ஆகாது. எனினும், எல்லாம் தலைவிதி என்று கைகட்டி நிற்பதற்கும் இனி இடமில்லை.

அப்பதினான்கனுள் நெசவாளருக்கு முதன்மையாவது செவி. மேற்கூறிய அறிக்கை, செவிக் குறைவுக்கும் கெட்ட கொழுப்புக்குமே மிகுதியான பங்கை, ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு ஏழு என, அளிக்கிறது. கைத்தறியின் ஓசை ஒரு வகை. விசைத்தறிக் கூடத்தின் இரைச்சல் முற்றிலும் வேறு வகை. கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் உரக்கக் கூவிப் பேசவேண்டியிருக்குமானால், அங்குள்ள ஒலி செவிக்குத் தீங்கு செய்யும் அளவை எட்டிவிட்டது என்று கொள்ளலாம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியில் இருப்பவர் செவியைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பர் வல்லுநர். சோமனூரிலும் பள்ளிப்பாளையத்திலும் பல்லடத்திலும் விசைத்தறிக் கூடத்துள் நின்று பார்த்தவர்க்கு இதை விளக்கவேண்டுவதில்லை. அங்கே இருபது ஆண்டு உழைத்தவர் வீட்டில் பேசுவது கேளாமல், "என்ன? என்ன?" என்று இருமுறை வினவி, பின்பு வினவுவதையே விட்டுவிடுகிறார். பேச்சு குறைகிறது, கூட்டத்துக்கு வருவது நின்றுபோகிறது. கேளாததைக் கேட்டறிய முயன்று மூளை களைக்கிறது. தனிமை அதனை மேலும் வாட்டுகிறது. செவிக்கும் நினைவுக்கும் உள்ள தொடர்புக்கு அறிஞர் கூறும் காரணங்களுள் இவை முக்கியமானவை.

செவிக்கருவி அணிந்தால் பயனுண்டோ என்று அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுவரை உள்ள 977 பேரிடம் மூன்றாண்டு ஆராய்ந்து 2023இல் முடிவை வெளியிட்டனர். அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது பெரிய வேறுபாடு தோன்றவில்லை. ஆனால் இரத்தக் கொதிப்பு, நீரிழிவு போன்றவற்றால் ஏற்கெனவே ஆபத்து மிகுந்திருந்தவர்களிடம், சிந்தனைத்திறன் குன்றும் வேகம் நூற்றுக்கு 48 அளவு குறைந்திருந்தது. நம் மூத்த அங்கத்தினருள் பலர் இவ்விரண்டாம் வகையினரே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி அணிய நாணாத நெசவாளர் காதுக்குக் கருவி அணிய நாணுவது ஏன்? கண்புரை நீக்கும் முகாம்கள் நம் ஊர்களில் வேரூன்றியது போலச் செவிச் சோதனை முகாம்களும் வேரூன்ற வேண்டும். வறிய முதியோர்க்கு இத்தகைய கருவிகளை இலவசமாய் வழங்க 2017இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தை நம்மவர் எத்தனை பேர் கேட்டறிந்தனர்?

அடுத்தது இரத்தக் கொதிப்பு. இது வலியில்லாத பகைவன். வயிற்றுவலிக்கு மருத்துவரிடம் ஓடுகிற நாம், வலி தராத இதனை நாடிச் சென்று அளந்து பார்ப்பதில்லை. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அது பல ஆண்டுகளாக அரித்து வருகிறது. அமெரிக்காவில் 9,361 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியின் 2019 முடிவு, கொதிப்பை 120க்குக் கீழ்ப்படுமாறு தீவிரமாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் நினைவுத் தடுமாற்றத்தின் தொடக்கநிலை குறைந்ததைக் காட்டியது. முற்றிய மறதி நோய் குறைந்தது என்று அது உறுதியாக நிறுவவில்லை. ஒவ்வொருவருக்கும் ஏற்ற அளவை மருத்துவரே கூறவேண்டும். நடுவயதில், நாற்பதாம் வயதுமுதல், இதனைக் கட்டுக்குள் வைத்திருப்பதே மூளைக்கு நாம் செய்யும் பெருங்காப்பு. முதுமையின் நோய்க்கு மருந்து நடுவயதிலேயே தொடங்குகிறது என்பதை இளைய அங்கத்தினர் குறித்துக்கொள்வாராக.

இதற்கான வசதி தமிழகத்தில் வாயிற்படிக்கே வந்திருக்கிறது. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியே கொதிப்பையும் சர்க்கரையையும் வீட்டிலேயே சோதித்து மாத்திரையும் தருகின்றனர். மாத்திரை வாங்கியும் உண்ணாமல் பரணில் வைப்பவரும், "உடம்பு நன்றாயிருக்கிறது" என்று நடுவில் நிறுத்துபவருமே இப்போது நம் கவலை. உப்பைப் பற்றியும் ஒரு சொல். நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் வற்றலும் ஒருசேர இலையில் விழும் நம் வீடுகளில் அவ்வளவு உப்பு ஒரு வேளைக்கே ஆகிவிடலாம்.

குழித்தறியில் அமர்பவரின் காலும் கையும் ஓய்வதில்லை. எனினும் அவர் நாள் முழுதும் அமர்ந்தே இருக்கிறார். வாரத்துக்கு 150 நிமிடமேனும் விரைந்து நடப்பது அவருக்கும் அவசியம். வயலில் உழைப்பவருக்கு இக்குறை இல்லை. ஆனால் அவருக்கு வேறு ஆபத்துகள் உள. தென்னையிலிருந்தும் வைக்கோற்போரிலிருந்தும் விழுவது, டிராக்டர் கவிழ்வது, தலைக்கவசமின்றி இருசக்கர வண்டியில் சந்தைக்குச் செல்வது ஆகியவற்றால் தலையில் படும் அடி, அன்றே உயிரைக் கொள்ளாவிடினும், பின்னாளில் நினைவைக் கொள்ளக்கூடும். கரும்புச் சோகையையும் அறுவடைத் தாளையும் எரிக்கும் புகையும், விறகடுப்பின் புகையும், பீடிப் புகையும் நுரையீரலோடு நில்லாமல் இரத்தக் குழாய்களையும் மூளையையும் தாக்குகின்றன. சோகையை எரிக்காது மண்ணிலேயே மட்கவிடுவது நிலத்துக்கும் நல்லது, நினைவுக்கும் நல்லது. கூலி வாங்கிய மாலையில் நேரே மதுக்கடைக்குச் செல்லும் வழக்கத்தைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை, வீட்டார் அறிவர்.

கல்வியும் தோழமையும் மூளைக்கு உரமாகும். இளமையில் கற்ற கல்வி முதுமையில் நோயைத் தள்ளிப்போடுகிறது. ஆகவே பெண்மக்களைப் பள்ளியினின்று நிறுத்தி ராட்டையில் அமர்த்துவது, அவர்களுடைய அறுபதாம் வயதின் மீதும் கடன் வைப்பதாகும். பள்ளிக்குச் செல்லாதவர்க்கு வழியில்லை என்றும் கருதவேண்டா. ஹைதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மொழி மட்டும் பேசியவர்களைக் காட்டிலும் இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு பிந்தியே தோன்றியது. எழுத்தறியாதவரிடத்தும் இவ்வேறுபாடு காணப்பட்டது. வீட்டில் சௌராஷ்டிரமும் தெலுங்கும் கன்னடமும், கடைத்தெருவில் தமிழும் பேசிவரும் நம் நெசவாளர் குடும்பங்கள் இதனை ஆர்வத்துடன் நோக்கலாம். ஒரே ஆய்வைக்கொண்டு எல்லாம் தீர்ந்ததெனக் கூறலாகாது. ஆயினும் முன்னோர் மொழியைப் பேரப்பிள்ளைகளோடு பேசிவருவதில் செலவும் இல்லை, தீங்கும் இல்லை.

மறதியைப் போக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் லேகியங்களுக்கும் டானிக்குகளுக்கும் நம் அங்கத்தினர் செலவிடும் பணம் வீணாகிறது. நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அமெரிக்காவில் 2023இலும் 2024இலும் அனுமதி பெற்ற இரு புதிய மருந்துகளும் தொடக்கநிலை நோயின் வேகத்தைச் சிறிது தணிப்பவையே. விலையோ நெசவாளர் எட்டக்கூடியதன்று. பின்லாந்து நாட்டில் 60 முதல் 77 வயதுவரை உள்ள 1,260 பேரைக் கொண்டு இரண்டாண்டு நடத்திய சோதனை வேறொரு வழியைக் காட்டுகிறது. நல்லுணவு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, கொதிப்பு முதலியவற்றைக் கண்காணித்தல் ஆகிய நான்கையும் ஒருங்கே செய்தவர்களின் சிந்தனைத்திறன் மற்றவர்களினும் மேம்பட்டிருந்ததாக 2015இல் அறிவித்தனர். தனித்த ஒரு மருந்தன்று, பல நல்ல காரியங்கள் ஒன்றுகூடிச் செய்த வேலை அது. கூட்டுறவாளர்க்கு இது புதிய பாடமா?

"கூலி உயர்வுக்கும் கொள்முதல் விலைக்கும் போராடும் சங்கத்துக்கு இது ஏன்?" என்று சிலர் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் உண்டு. கூலி போதாதவனிடம் காய்கனி உண் என்பதும், ஓய்வில்லாதவனிடம் உலாவச் செல் என்பதும் வெற்றுரை. கூலிப் போராட்டத்தைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. தனியொருவனால் ஆகாததைப் பலர் சேர்ந்து செய்வதற்கே சங்கம் தோன்றியது என்பதையே நினைவூட்டுகிறோம். விசைத்தறி நடத்தும் ஒரு சங்கத்தின் கூடத்தில் இரைச்சலைக் குறைப்பது ஒரு தொழிலாளியால் ஆகுமா? சோகையை எரிக்காமல் தூளாக்கும் இயந்திரத்தை ஒரு சிறு விவசாயி வாங்க இயலுமா? இங்கெல்லாம் அறிவுரை போதாது, அமைப்பு வேண்டும். அவ்வமைப்பு நாமே.

இன்னொரு கடமையும் நமக்குண்டு. அதனைக் கூறாவிடின் இக்கட்டுரை நிறைவுறாது. நோயுற்றுவிட்ட அங்கத்தினரைச் சங்கம் எவ்வாறு நடத்துகிறது? வாங்கிச் சென்ற பாவை மறந்தவர் கள்ளர் எனப்படுகிறார். ஒரே விண்ணப்பத்தை மும்முறை கொண்டுவருபவர் அலுவலகத்தில் நகைப்புக்கு ஆளாகிறார். கையொப்பம் மாறியதால் ஓய்வூதியம் தடைப்படுகிறது. மறுபுறம், அவர் கைநாட்டைப் பெற்று நிலத்தையும் வைப்புத்தொகையையும் கவர்ந்துகொள்ளும் உறவினரும் உளர். பற்றுவரவுப் புத்தகத்தின் முன்னால் தடுமாறி நிற்கும் அம்முதியவர், அச்சங்கத்தின் முதற்பங்கை வாங்கியவர்களுள் ஒருவராக இருக்கலாம். அவருடைய நினைவு போனதால் அவருடைய உரிமையும் போய்விடுவதில்லை.

ஆதலின் ஒவ்வொரு சங்கமும் தன் பேரவைக் கூட்டத்தில் ஆலோசித்தற்குரிய ஐந்து காரியங்களை முன்வைக்கிறோம். முதலாவது, நாற்பது வயது கடந்த அங்கத்தினர் அனைவர்க்கும் ஆண்டுக்கொருமுறை கொதிப்பு, சர்க்கரை, செவி, கண் ஆகியவற்றைச் சோதித்தல். கூட்டுறவு வாரம் தொடங்கும் நவம்பர் 14ஆம் நாளே உலக நீரிழிவு நாளுமாகும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அன்று சங்கத்துக்கே அழைக்கலாம். இரண்டாவது, விசைத்தறிக் கூடங்களில் செவிக்காப்பு அளித்தலும் இயந்திரங்களைச் சீர்செய்து இரைச்சலைத் தணித்தலும். மூன்றாவது, மூத்தோரை ஒதுக்காது இளைஞர்க்குத் தொழில் கற்பிக்க அமர்த்தி, அவர்கள் சொல்வதை எழுதிவைத்தல். அவர்க்கும் தோழமை, சங்கத்துக்கும் சொத்து. நான்காவது, அங்கத்தினர் யாவரும் தெளிந்த நினைவுடன் இருக்கும்போதே வாரிசு நியமனத்தைப் பதிவு செய்தலும், தடுமாறும் முதியோர் பணம் பெறும்போது நம்பத்தக்க சாட்சி ஒருவர் உடனிருத்தலும். ஐந்தாவது, நோயுற்றவரைக் காக்கும் பெண்டிருக்கு வீட்டிலிருந்தே செய்யத்தக்க வேலையை முதலில் ஒதுக்குதலும், பொது நல நிதி வைத்திருக்கும் சங்கங்கள் அதினின்று ஒரு சிறு தொகையை அவர்க்கு உதவுதலும்.

இவற்றுள் எதற்கும் பெரும்பணம் வேண்டுவதில்லை. தீர்மானமும், அதனை நிறைவேற்றும் மனமுமே வேண்டும். இவ்வாண்டுப் பேரவையில் ஒரு தீர்மானமேனும் நிறைவேற்றும் சங்கங்கள், அதனையும் அதன் பயனையும் இவ்விதழுக்கு எழுதி அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பிற சங்கத்தார் படித்துப் பின்பற்ற அது வழிகாட்டும்.